தெத்துப்பல்லுக்கு ஒன்றரை லட்சமா?

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. மேல் வரிசையில் ஒரு தெத்துப்பல் இருக்கிறது. கீழே இரண்டு முன்பற்கள் லேசாக ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. வலியோ, மெல்வதில் சிரமமோ இல்லை. ஒரு கிளினிக்கில் வாயை ஸ்கேன் எடுத்துவிட்டு, "கடி சரியில்லை, விட்டால் தாடை மூட்டு கெட்டுவிடும்" என்று சொல்லி, ஒன்றரை லட்சத்துக்கு அலைனர் (பல்லை நகர்த்தும், கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் தட்டுகள்) போடச் சொல்கிறார்கள். இன்றே பணம் கட்டினால் தள்ளுபடியாம். என் 9 வயது மகனுக்கு முன்பற்கள் நடுவே இடைவெளி இருப்பதால் அவனுக்கும் கிளிப் போடலாம் என்கிறார்கள். என்ன செய்வது?
— மதுரை வாசகி

பதில்: இன்று பணம் கட்ட வேண்டாம். உங்கள் மகள் விஷயத்தில் அவசரம் எதுவும் இல்லை.

கடி என்றால் மேல், கீழ்ப் பற்கள் பொருந்தும் விதம். 'சரியான கடி' என்று கிளினிக் சுவரில் மாட்டியிருக்கும் படத்துக்கு ஒரு வரலாறு உண்டு. மேல் முதல் கடைவாய்ப்பல்லின் முன்பக்க வெளிமுனை, கீழ்க் கடைவாய்ப்பல்லின் பள்ளத்தில் உட்கார வேண்டும் என்ற அளவுகோலை அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் 1899-இல் வகுத்தார். இன்னொரு அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் லாரன்ஸ் ஆண்ட்ரூஸ், நல்ல கடிக்கான ஆறு விதிகளை 1972-இல் வெளியிட்டார். அவர் ஆராய்ந்தது, சிகிச்சையே இல்லாமல் மிக நன்றாக அமைந்த 120 பேரின் பல் அச்சுகளை. பொறுக்கி எடுத்த வாய்கள் அவை. சிகிச்சையை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்பதற்கு அது நல்ல இலக்கு. அதிலிருந்து விலகிய வாயெல்லாம் நோயுள்ள வாய் என்று ஆகாது. மேல், கீழ்ப் பல்வரிசைகளின் நடுக்கோடுகள் ஒரு மில்லிமீட்டர் விலகியிருப்பதும், வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் கொஞ்சம் நெருக்கிக்கொள்வதும் சர்வசாதாரணம்.

அப்படியானால் எது பிரச்சினை? அளந்து பாருங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, எச்சில் விழுங்கி, கடைவாய்ப் பற்கள் பொருந்தும்படி வாயை மூடச் சொல்லுங்கள். மேல் முன்பல் கீழ்ப்பல்லைவிட 2-3 மி.மீ. முன்னால் நிற்பதும், கீழ்ப்பல்லில் மூன்றில் ஒரு பங்கை மறைப்பதும் இயல்பு. முன்னால் நிற்பது 6 மி.மீ.க்கு மேல் போனால் விழுந்து அடிபடும்போது முன்பல் உடையும் வாய்ப்பு கூடும். கீழ்ப்பல் மேல் அண்ணத்து ஈறைக் குத்துவது, மூடும்போது தாடை ஒரு பக்கம் நழுவுவது, கொய்யாப்பழத்தை முன்பல்லால் கடித்து எடுக்க முடியாமல் இருப்பது ஆகியவற்றுக்கும் பல்சீரமைப்பு மருத்துவரை அவசியம் பார்க்க வேண்டும்.

வரிசை தப்பியதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1989-இல் பிரிட்டனில் உருவான சிகிச்சைத் தேவைப் பட்டியலில் ஐந்து படிகள்; படி ஏற ஏறத் தேவை அதிகம். அடுத்தடுத்த பற்கள் தொட்டுக்கொள்ள வேண்டிய இடங்கள் 2 மி.மீ. வரை விலகினால் முதல் இரண்டு படிகள், 4 மி.மீ. வரை மூன்றாம் படி, அதற்கு மேல் நான்காம் படி. அங்கே அரசுச் செலவில் பொதுவாக 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு நான்காம், ஐந்தாம் படிகளில்தான் சிகிச்சை. மூன்றாம் படியில் தோற்றமும் மோசமாக இருந்தால் மட்டுமே. உங்கள் மகளின் பல் எந்தப் படி என்று கிளினிக்கில் கேளுங்கள்.

தாடை மூட்டு பயத்தை ஒதுக்கிவிடுங்கள். இந்த அளவு கோணல் மூட்டைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மூட்டைக் காப்பாற்ற நல்ல பல்லைத் தேய்க்கிறோம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளவே கூடாது. தேய்த்த எனாமல் திரும்ப வளராது.

சிரிப்பு அழகாக வேண்டும் என்று மகளே ஆசைப்பட்டால் அது நியாயமான காரணம்தான். ஆனால் அப்போது நிதானமாக நான்கு இடம் விசாரித்து வாங்கலாம். சிகிச்சை செய்பவர் பல்சீரமைப்பில் எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) முடித்தவரா, அவரது டென்டல் கவுன்சில் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். ஸ்கேன் மட்டும் போதாது. வேரும் எலும்பும் தெரிய ஓ.பி.ஜி. எனப்படும் முழுத்தாடை எக்ஸ்ரே வேண்டும். எத்தனை தட்டு, இடையில் திருத்தத் தட்டு தேவைப்பட்டால் யார் செலவு, பற்களுக்கிடையே எத்தனை மி.மீ. எனாமல் சீவப்படும், சிகிச்சை முடிந்தபின் பல்லை அதே இடத்தில் பிடித்து வைக்கும் ரிடெய்னரின் விலை சேர்ந்ததா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். ரிடெய்னரை விட்டால் பல் பழைய இடத்துக்கே நகரும். அலைனரை ஒரு நாளில் 20-22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். கடைவாய்ப் பற்களுக்கு நடுவே பிளாஸ்டிக் இருந்துகொண்டே இருப்பதால், முடிவில் முன்பல் நேராகி, கடைவாய்ப்பல் ஒன்றையொன்று தொடாமல் போவதும் உண்டு. அதைச் சரிசெய்து தருவதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

பணத்தைத் தவணையாகவே கொடுங்கள். வீட்டுக்கே அலைனர் அனுப்பிய அமெரிக்காவின் ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் மூடியபோது, சிகிச்சை பாதியில் இருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். இங்கே, கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. புகாருக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்; வழக்குக்கு இரண்டு ஆண்டு அவகாசம்.

பையனுக்குப் பெரும்பாலும் காத்திருப்பதே சிகிச்சை. 11-12 வயதில் மேல் கோரைப்பல் இறங்கும்போது சிறிய இடைவெளி தானே மூடும். 10 வயது ஆனதும் கோரைப்பல் வரவேண்டிய இடத்தில், உதட்டுப் பக்க ஈறை விரலால் தடவிப் பாருங்கள். இருபுறமும் மேடு தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டாலோ, ஒரு பக்கம் மட்டும் இருந்தாலோ எக்ஸ்ரே எடுங்கள். கீழ் முன்பல் மேல்பல்லுக்கு வெளியே நின்றால் மட்டும் இப்போதே காட்டுங்கள்.

கேள்வி: ரூட் கெனால் செய்து போட்ட கேப் உயரமாகத் தெரிகிறது. "பழகிவிடும்" என்கிறார்கள். பழகுமா?
— திருச்சி வாசகர்

பதில்: ஓரிரு நாளில் போகாவிட்டால் காத்திருக்காதீர்கள். வாயை மூடும்போது கடியின் வேகம் முதலில் உயரமான கேப்பில்தான் விழும். எதிர்ப்பல் வலிக்கும், கேப் விரிசல் விடும். மரத்துப்போன வாயோடு, படுத்த நிலையில் கடிக்க வைத்துப் பார்த்ததால் இப்படி ஆகியிருக்கலாம். மரப்பு இல்லாத நேரத்தில் போய், நிமிர்ந்து உட்கார்ந்து, பல் படும் இடத்தில் கறை பதிக்கும் வண்ணத்தாளைக் கடித்துக் காட்டுங்கள். நேராகக் கடிப்பதோடு, பல்லைப் பக்கவாட்டில் உரசியும் பார்க்கச் சொல்லுங்கள். தேய்க்க வேண்டியது கேப்பை, எதிரே இருக்கும் நல்ல பல்லை அல்ல. ஜிர்கோனியா (மிகக் கடினமான வெள்ளைப் பீங்கான்) கேப் என்றால் தேய்த்த இடத்தைப் பளபளவென்று பாலிஷ் செய்யாமல் எழுந்து வராதீர்கள். சொரசொரப்பான ஜிர்கோனியா எதிர்ப்பல்லின் எனாமலைத் தின்றுவிடும்.