பிளக்கைப் பிடுங்காமல் நெட்டை நிறுத்த முடியாதா?

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு, மகள் ஐந்தாம் வகுப்பு. வீட்டுப்பாடம், நோட்ஸ் எல்லாமே வாட்ஸ்அப் குழுவில்தான் வருகின்றன. அதனால் படிக்கிற நேரத்தில் டேப்லெட்டைக் கொடுத்தே ஆக வேண்டியிருக்கிறது. கொடுத்தால் பத்து நிமிடத்தில் கேம், இல்லையென்றால் யூடியூப். போன வாரம் கோபம் தாங்காமல் வைஃபை ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். உள்ளே அலுவலக மீட்டிங்கில் இருந்த என் கணவரின் இணைப்பும் போய், வீட்டில் பெரிய சண்டை. பிள்ளைகள் படிக்கும்போது மட்டும் நெட்டை நிறுத்த வழி உண்டா? அப்படி நிறுத்துவது சரிதானா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நிறுத்துவது சரிதான் சகோதரி, வழியும் இருக்கிறது. ஆனால் பிளக்கைப் பிடுங்கியதில் உங்கள் மகனுக்கு அருமையான சாக்கு ஒன்று கிடைத்துவிட்டது. "நெட் இல்லை, அதான் எழுதல." முதலில் அந்தச் சாக்குக்கு இடமில்லாமல் செய்வோம்.

ஒரு நாள் மாலை எதுவும் பேசாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எட்டாம் வகுப்பு வீட்டுப்பாடத்துக்கு நெட் எதற்கெல்லாம் தேவைப்படுகிறது? குழுவில் வந்த பிடிஎஃப்பை இறக்க, ஏதாவது ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்க, எழுதி முடித்ததைப் படம் பிடித்து அனுப்ப. எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம் வந்தாலே அதிகம். மற்றதெல்லாம் நோட்டும் பேனாவும்தான். ஆனால் நடப்பது வேறு. சரிவகத்தின் பரப்பளவுக்குச் சூத்திரம் தேடி ஒரு வீடியோவைத் திறப்பான். அது முடிந்ததும் ஆட்டோபிளே அடுத்ததை ஓட்டும். மூன்றாவது வீடியோவில் சரிவகமும் இருக்காது, கணக்கும் இருக்காது. இதற்குப் பையனைத் திட்டிப் பயனில்லை. பார்ப்பவர் எழுந்து போகக் கூடாது என்றுதான் அதை அப்படி அமைத்திருக்கிறார்கள்.

அதனால் படிப்பு நேரத்தைப் பிரித்துவிடுங்கள். முதல் இருபது நிமிடம் நெட் இருக்கட்டும். வேண்டியதை இறக்கி, கேள்விகளை நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். அடுத்த ஒரு மணி நேரம் நெட் கிடையாது. நடுவில் சந்தேகம் வந்தால் ஒரு துண்டுத் தாளில் குறித்துவைத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போக வேண்டும். கடைசிப் பத்து நிமிடம் மறுபடி நெட்: குறித்ததைத் தேட, எழுதியதை அனுப்ப. பாதி சந்தேகங்கள் அதற்குள் அவனுக்கே தீர்ந்திருக்கும். ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தில் கொஞ்சம் பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் எழுதினார். அவர் ஆராய்ந்தது பெரியவர்களை. அவர்களுக்கே அந்தக் கதி.

இனி ரூட்டர். அதன் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஒரு முகவரி இருக்கும். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. வீட்டு வைஃபையில் இருந்தபடியே அதை பிரவுசரில் அடித்து உள்ளே போனால், பல ரூட்டர்களில் 'பேரன்டல் கன்ட்ரோல்' என்று ஒரு பகுதி உண்டு. எந்தக் கருவிக்கு எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை நெட் வேண்டாம் என்று அதில் குறிக்கலாம். டேப்லெட் மட்டும் நிற்கும், உங்கள் கணவரின் மீட்டிங் நடக்கும்.

ஒரு சின்னச் சிக்கல். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து கருவிகள் தங்கள் உண்மையான மேக் முகவரியை (ரூட்டர் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காணும் எண்) காட்டாமல் வேறு ஒன்றைக் காட்டுகின்றன. அது மாறிவிட்டால் ரூட்டர் அதைப் புதிய கருவி என்று நினைத்து விட்டுவிடும். டேப்லெட்டின் வைஃபை செட்டிங்கில் உங்கள் வீட்டு இணைப்புக்கு மட்டும் இதை அணைத்துவிடலாம். இதெல்லாம் தலைவலி என்றால் ரூட்டரில் 'கெஸ்ட் நெட்வொர்க்', அதாவது விருந்தினருக்கென்று தனிப் பெயரும் பாஸ்வேர்டும் உள்ள இன்னொரு வைஃபை, இருக்கிறதா பாருங்கள். பிள்ளைகளுக்கு அதை மட்டும் கொடுத்து, முக்கிய வைஃபையின் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். படிக்கிற நேரத்தில் கெஸ்ட்டை அணைத்தால் போதும். எனக்கு இதுதான் சுலபமாகப் படுகிறது. ரூட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டு இன்னும் 'அட்மின்' என்றே இருந்தால் அதையும் இன்றைக்கே மாற்றுங்கள். எட்டாம் வகுப்புப் பையனுக்கு அது தெரியாது என்று நினைக்காதீர்கள்.

டேப்லெட்டில் சிம் இருந்தால் ரூட்டரால் ஒன்றும் செய்ய முடியாது. அப்போது ஆண்ட்ராய்டு என்றால் கூகுள் ஃபேமிலி லிங்க், ஐபேட் என்றால் அதன் செட்டிங்கிலேயே இருக்கும் ஸ்கிரீன் டைம். இரண்டும் இலவசம். குறிப்பிட்ட நேரத்தில் அகராதி, கால்குலேட்டர் போன்றவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைப் பூட்டலாம். யூடியூபில் உள்ள 'ரெஸ்ட்ரிக்டட் மோட்' இதற்கு உதவாது. அது வயதுக்கு ஒவ்வாததை வடிகட்டும், நேரத்தைப் பார்க்காது. பிள்ளைக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் கண்காணிக்கும் செயலிகளைப் போடச் சொல்லிச் சிலர் யோசனை தருவார்கள். வேண்டாம். ஒரு நாள் தெரியவரும்போது நீங்கள் சொல்வது எதையும் அவன் நம்ப மாட்டான்.

மகளுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் வீட்டுப்பாடத்தை உங்கள் போனில் பார்த்து நோட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எதைச் செய்தாலும் ஒரு நாள் முன்பே இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். நேரத்தை அவனே தேர்ந்தெடுக்கட்டும், ஆறரையா ஏழா என்று. அப்புறம் உங்கள் கோபம் எத்தனை மணிக்கு வரும் என்று அவன் கணக்குப் போட வேண்டியிருக்காது. அந்த ஒரு மணி நேரம் நீங்களும் அதே அறையில் போனை நோண்டாமல் இருக்க வேண்டும். அப்பாவுக்கு மட்டும் ஏன் நெட் என்று கேட்பான். அது அவருடைய வேலை என்று நேராகச் சொன்னால் போதும். அவர் இரக்கப்பட்டு ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ப்ராஜெக்ட் இருக்கிற நாளில் கூடுதல் நேரம் தேவைப்படலாம். அதை உட்காருவதற்கு முன்பே கேட்க வேண்டும், எதைத் தேடப்போகிறான் என்று இரண்டு வரி எழுதிக் காட்ட வேண்டும். காட்டினால் அரை மணி நேரம் கூட்டிக் கொடுங்கள். நடுவில் எழுந்து வந்து கேட்டால் மறுநாள்தான்.