சாமுராயில் 4.16 லோ கியர் ஏற்றத்தில் நழுவினால்

கியர் செட்டைத் திரும்பக் கழற்ற வேண்டாம், முதலில் டிரான்ஸ்ஃபர் கேஸைத் (விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) தாங்கும் ரப்பர் மவுண்டுகளைப் பாருங்கள். சுசுகி சாமுராய் ஜீப்பின் அந்தப் பெட்டியில், லோவின் (மெதுவாக, அதிக விசையோடு ஏறுவதற்கான கியர்) விகிதத்தை 4.16 ஆக்கும் செட் போட்ட பிறகு, பாறை ஏறும்போது மட்டும் லோ நழுவி நியூட்ரலுக்கு வருகிறது என்கிறீர்கள். சமதளத்தில் நிற்கிறது என்றால் பல்சக்கரங்களின் மேல் எனக்குச் சந்தேகம் குறைவு.

இந்த வண்டியில் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியதல்ல. தனியாக மூன்று ரப்பர்களில் உட்கார்ந்திருக்கிறது. பழைய லோ 2.268; இப்போது கிட்டத்தட்ட 1.8 மடங்கு முறுக்குவிசை. ரப்பர் கிழிந்திருந்தால் கேஸ் மொத்தமாகத் திருகும், லிவர் தரைத்தகட்டின் ஓட்டை விளிம்பில் முட்டும், கியர் வெளியே வந்துவிடும். விளிம்பில் பெயின்ட் உரிந்து பளபளவென்று கோடு விழுந்திருக்கிறதா பாருங்கள்.

சோதிக்க:
1. லிவரின் ரப்பர் உறையைக் கழற்றுங்கள்.
2. லோவில், முதல் கியரில், பிரேக்கை அழுத்தி மிதித்தபடி கிளட்சை மெல்ல விடுங்கள்.
3. பக்கத்து இருக்கையில் இருப்பவர் லிவர் எவ்வளவு நகர்கிறது என்று கவனிக்கட்டும். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது.

லிவர் அசையவே இல்லையென்றால், கியரை மாற்றும் ஷிஃப்ட் ராடை அதன் இடத்தில் பிடித்து வைக்கும் ஸ்பிரிங்கையும் எஃகுக் குண்டையும் சோதிக்கலாம்.

அப்புறம், சரியான பிறகும் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வைத்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள். இந்த முறுக்குக்கு முன் அச்சின் மூட்டு உடைந்துவிடும்.