ஃப்ளூவைக் கணிக்கும் வேலைக்கு எந்த குரூப்?

வணக்கம் அம்மா. மகளை கணக்கு இல்லாத ப்யூர் சயின்ஸ் குரூப்பில் சேர்த்தால் நீட்டுக்குப் படிக்க நேரம் கிடைக்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள். அவளோ, "அடுத்த சீசனுக்கு எந்த ஃப்ளூ வைரஸ் வரும் என்று கணிக்கிற வேலை" பற்றி எங்கேயோ படித்துவிட்டு பயோ-மேத்ஸ் கேட்கிறாள். அப்படி ஒரு வேலை நிஜமாகவே உண்டா என்பதுதானே உங்கள் கேள்வி?

உண்டு. உலக சுகாதார நிறுவனம் ஆண்டுதோறும் பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும் நிபுணர்களைக் கூட்டி, அடுத்த சீசன் தடுப்பூசியில் எந்த வகைகளைச் சேர்ப்பது என்று முடிவு செய்கிறது. ஃப்ளூ தடுப்பூசிகளில் பெரும்பாலானவை இன்னும் கோழிமுட்டையில் வைரஸை வளர்த்துத்தான் தயாராகின்றன. அதற்கு ஆறு மாதம் போல ஆகும். அதனால் வட நாடுகளின் குளிர்காலத்து வைரஸை பிப்ரவரியிலேயே ஊகித்தாக வேண்டும். ஊகம் தவறியதும் உண்டு. 2014 பிப்ரவரி முடிவுக்குப் பிறகு உருமாறிய எச்3என்2 என்ற ஃப்ளூ வகை பரவிவிட்டது. அந்தக் குளிர்காலத்தில் அமெரிக்காவில் தடுப்பூசியின் பலன் சுமார் 19 சதவீதம்தான்.

ஒரு வகை ஜெயிக்குமா தோற்குமா என்பதில் பாதி விடை மக்களின் ரத்தத்தில் இருக்கிறது. போன வருஷம் ஊரெல்லாம் சுற்றிய வைரஸுக்கு இந்த வருஷம் ஆள் கிடைப்பது கஷ்டம்; அந்த எதிர்ப்பிலிருந்து கொஞ்சம் தப்பிக்கத் தெரிந்த புதிய வகைக்கு வழி திறக்கும். வயதும் கணக்கில் வரும். 2009-இல் புதிய எச்1என்1 பரவியபோது முதியவர்களைவிட இளையவர்களுக்கே அதிகம் தொற்றியது. முதியவர்களில் பலர் சிறுவயதில் அதற்கு நெருங்கிய பழைய வைரஸ்களைச் சந்தித்திருந்தார்கள், அந்தப் பாதுகாப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆகவே வயதுவாரியாக ரத்த மாதிரி எடுத்து, எந்த வகைக்கு யாரிடம் எவ்வளவு ஆன்டிபாடி இருக்கிறது என்று ஆய்வகத்தில் அளக்கிறார்கள். அதை வைரஸின் மரபணு மாற்றங்களோடு சேர்த்துக் கணிக்க நிகழ்தகவு, வகைக்கெழுச் சமன்பாடுகள், புரோகிராமிங் எல்லாம் வேண்டும். 2014-இல் இதற்கான முறை ஒன்றை நேச்சர் இதழில் வெளியிட்ட இருவரில் ஒருவரான மிகேல் லெசிக், ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டு இயற்பியலாளர், மருத்துவர் அல்ல.

நம் ஊரிலேயே வேலை இருக்கிறது. டெல்லி, புனே பக்கம் தென்மேற்குப் பருவமழையோடு ஃப்ளூ ஏறும். ஸ்ரீநகரில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. சென்னை, வேலூரில் அக்டோபர், நவம்பர் வாக்கில். அப்படியானால் எந்த ஊருக்கு எந்த மாதம் ஊசி போடுவது, செப்டம்பரில் தேர்ந்த வகையா பிப்ரவரியில் தேர்ந்த வகையா? இதற்கும் யாராவது உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

சரி, படிப்புக்கு வருவோம். பயோ-மேத்ஸ் எடுத்தாலும் நீட் எழுதலாம், அந்தக் கதவு மூடாது. மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களான ஐசர்களின் நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கிலும் சமமாகக் கேள்விகள் வரும். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பி.ஸ்டாட். என்ற புள்ளியியல் இளநிலைப் படிப்புக்கு +2-வில் கணிதம் கட்டாயம். விளம்பரத்தில் 'வைராலஜி' என்று பெயர் போட்ட இளநிலைப் படிப்புகளுக்கு நான் அவசரப்பட மாட்டேன். முதலில் அடிப்படைப் பாடம் ஒன்று உறுதியாக இருக்கட்டும், வைரஸ் பிறகு வரும்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இது நீளமான பாதை. +2-வுக்குப் பின் முதுகலை வரை ஐந்து ஆண்டு, அப்புறம் பிஎச்.டி.க்கு இன்னும் ஐந்து போல. ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் வரும். புனேயின் தேசிய வைராலஜி நிறுவனம், சென்னையின் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இந்தத் துறை இருக்கிறது. ஆனால் நிரந்தரப் பணியிடங்கள் குறைவு, ஒப்பந்த வேலைதான் அதிகம். இடையில் அவள் மனம் மாறினாலும் புள்ளியியலும் புரோகிராமிங்கும் வங்கியிலும் மருந்து கம்பெனியிலும் சோறு போடும்.

இந்த விடுமுறையில், வைரஸ்களின் மரபணு மாற்றங்களைப் படமாகக் காட்டும் நெக்ஸ்ட்ஸ்ட்ரெயின் இணையதளத்தில் எச்3என்2-வின் வம்சாவளி மரத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், இலவசம்தான். அதைப் பார்த்து அவள் கேள்வி கேட்கிறாளா, பத்து நிமிஷத்தில் மூடிவிடுகிறாளா என்று கவனியுங்கள். எப்படியானாலும் சேர்க்கையின்போது பயோ-மேத்ஸ் என்றே எழுதுங்கள். சுமை கூடத்தான் செய்யும். முதல் தேர்விலேயே கணக்கில் ரொம்பத் திணறினால் ப்யூர் சயின்ஸுக்கு மாற்ற முடியுமா என்று பள்ளியில் பேசலாம். அங்கிருந்து பாதியில் கணக்குக்கு வருவதுதான் கஷ்டம்.