கேஸா, கரண்டா, விறகா? வேலூர்ப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு கணக்கு

சமையலுக்கும் குளியலுக்கும் எது கட்டுப்படியாகும் என்று பழைய வட ஆற்காடு மாவட்டத்து ஊர்களிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்.

சத்துவாச்சாரி: சார், மாதம் ஒரு சிலிண்டர் தீர்ந்துவிடுகிறது. இண்டக்‌ஷனுக்கு மாறினால் மிச்சமாகுமா?

14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் வெப்பம், கரண்ட் கணக்கில் சொன்னால், சுமார் 180 யூனிட். அன்றாடப் புழக்கத்தில் அதில் சுமார் 65 சதவீதம், அதாவது 117 யூனிட்தான் பாத்திரத்துக்குப் போகும்; மீதி ஓரமாக ஏறிச் சமையலறையைச் சூடாக்கும். இண்டக்‌ஷனில் 85 சதவீதம் சேரும். ஆக, ஒரு சிலிண்டரின் வேலைக்கு மீட்டரில் சுமார் 138 யூனிட் ஓடும். சிலிண்டர் விலையை 138ஆல் வகுத்துப் பாருங்கள். கையிலிருந்து 900 ரூபாய் போகிறது என்றால் 6.50 வரும். யூனிட் விலை அதற்குக் கீழே இருக்கும்வரை கரண்ட் மலிவு.

எந்த யூனிட்டின் விலை என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுக்காதீர்கள். இலவச யூனிட்டுகள் சராசரியை இறக்கிக் காட்டும். புது அடுப்பு இழுக்கும் கரண்ட், இப்போது ஓடுவதற்கு மேல்தான் ஏறும். இரண்டு மாத பில்லில் 201 முதல் 400 வரை யூனிட் 5 ரூபாய்க்குள் அடங்குகிறது. 500க்கு மேல் 8 ரூபாயைத் தாண்டும். அதோடு, 500ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான சலுகை விலையும் போய்விடும். 501வது யூனிட் ஒன்றே 200 ரூபாய்க்கு மேல் இழுத்துவிடும்.

இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் ஓடும் வீடு முழுக்க மாறினால், இரண்டு சிலிண்டரின் வேலைக்கு 276 கூடி 626 ஆகும். அது நஷ்டம். பால், டீ, சாதம் மட்டும் இண்டக்‌ஷனில் வைத்து 500க்குள் நிறுத்துங்கள். ஏசி ஓடும் ஏப்ரல், மே மாதங்களில் கேஸே போதும். மானியம் வரும் இணைப்பு என்றால், மானியம் போன விலையை வைத்து வகுக்க வேண்டும்.

குடியாத்தம்: வீட்டில் தினம் கேழ்வரகுக் களி. இண்டக்‌ஷனில் கிண்ட முடியுமாங்க?

கேஸிலேயே கிண்டுங்கள் அம்மா. களிக்குப் பாத்திரத்தை இடுக்கியில் இறுக்கிப் பிடித்துத் துடுப்பால் அழுத்த வேண்டும். கண்ணாடித் தட்டின்மேல் பாத்திரம் வழுக்கும், விளிம்பு அழுந்தினால் கீறல் விழும். அலுமினியச் சட்டி அதில் சூடே ஏறாது. அடியில் காந்தம் ஒட்டுகிற, தட்டையான பாத்திரம்தான் வேண்டும். புழுங்கலரிசியை முக்கால் மணி நேரம் ஊறவைத்துக் குக்கரில் வையுங்கள். எந்த அடுப்பானாலும் செலவு குறையும்.

வாணியம்பாடி: கீசர் வாங்கி இரண்டு வருஷம்தான். கடகடவென்று சத்தம், தண்ணீரும் சரியாகச் சுடவில்லை. பில்லும் ஏறுகிறது.

போர் தண்ணீரின் உப்பு. பாலாற்றங்கரை ஊர்களில் பல இடங்களில் நிலத்தடி நீர் கடினம். ஹீட்டிங் காயிலில் வெள்ளைப் பொருக்கு படிந்தால் சூடு தண்ணீருக்குள் போகாமல் காயிலுக்குள்ளேயே தேங்கும். கடைசியில் காயிலின் வெளிக்குழாய் வெடித்துக் கரண்ட் கசியும்.

எம்சிபியை, அதாவது கீசருக்கான டிரிப் சுவிட்சை இறக்கி, தண்ணீரை வடித்து, அடித்தட்டின் போல்ட்டுகளைக் கழற்றிக் காயிலை எடுக்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஒன்றிரண்டு மணி நேரம் ஊறினால் பொருக்கு உதிரும். சுத்தியலால் தட்டக் கூடாது; கழிவறை ஆசிடும் கூடாது, அது உலோகத்தையே அரிக்கும். கூடவே இருக்கும் மெக்னீசியக் கம்பி கரைந்து மெலிந்திருந்தால் மாற்றுங்கள். டேங்கை அரிப்பிலிருந்து காப்பது அதுதான். கேஸ்கட்டும் புதிது. திரும்ப மாட்டியதும் வெந்நீர்க் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வந்த பிறகே சுவிட்ச்.

தெர்மோஸ்டாட்டை 60லிருந்து 50க்கு இறக்கினால் உப்பு படிவதும் குறையும்.

ஏலகிரி: குளிர்காலத்தில் ஒரு பக்கெட் வெந்நீருக்கு எவ்வளவு ஆகும்?

20 லிட்டரை 18 டிகிரியிலிருந்து 42க்கு ஏற்ற 480 கிலோ கலோரி வேண்டும். ஒரு யூனிட் 860 கிலோ கலோரி, ஆக 0.56 யூனிட். 1500 வாட் ராடு 22 நிமிடம் எடுக்கும். கீழே வேலூரில் தொட்டித் தண்ணீர் மார்கழியிலும் இதைவிடச் சூடாக இருக்கும், அரை யூனிட்டுக்குள் முடியும். சித்திரையில் மாடித் தொட்டி நீரே சுடும். அப்போது கீசரை அணைத்தே வையுங்கள்.

ஆரணி: விறகு கிலோ 5 ரூபாய்க்குக் கிடைக்கிறது. கேஸைவிட மலிவுதானே அண்ணா?

இல்லை தம்பி. நன்றாகக் காய்ந்த சீமைக் கருவேல விறகு ஒரு கிலோவில் சுமார் 4 யூனிட் வெப்பம். திறந்த அடுப்பில் பாத்திரத்துக்குச் சேர்வது அதில் அரை யூனிட்தான். ஒரு சிலிண்டரின் வேலைக்கு 234 கிலோ வேண்டும், 1,170 ரூபாய். ஈர விறகாக இருந்தால் சூட்டில் ஒரு பங்கு அந்த ஈரத்தை ஆவியாக்கவே போகும், புகை வேறு. சொந்தத் தோப்பில் மட்டை, கொட்டாங்குச்சி கிடைக்கிறதா? நடுவே புகைக்குழாய் உள்ள செம்பு பாய்லரில் போட்டுக் குளியலுக்கு வெந்நீர் வையுங்கள். சமையலறைக்குள் வேண்டாம்.

ஆற்காடு: இண்டக்‌ஷன் பிளக் கருகிவிட்டது. அடுப்பில் கோளாறா?

2000 வாட் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். மிக்சி மாட்டும் 6 ஆம்பியர் பிளக்கில் சொருகியிருப்பீர்கள். 16 ஆம்பியர் பாயின்ட், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், சரியான எர்த், கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடச் சொல்லுங்கள். கருகிய சாக்கெட்டைத் துடைத்துவிட்டு மறுபடி சொருகக் கூடாது. உள்ளே பின்னைப் பிடிக்கும் தகடு ஏற்கெனவே தளர்ந்திருக்கும், திரும்பவும் அங்கேதான் சுடும்.