டியூக்கை வீழ்த்திய அந்த இரவு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

2022 ஏப்ரல் 2. நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் அரையிறுதி. நார்த் கரோலினா 81, டியூக் 77. நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. காப்பி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பார்த்தேன். அந்த ஆட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

கே: வருடம் முழுக்க ஆயிரம் ஆட்டம் நடக்கிறது. இதற்கு மட்டும் ஏன் சார் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

இரண்டு கல்லூரிக்கும் நடுவே சுமார் 16 கிலோமீட்டர்தான். இரண்டுமே ஏசிசி என்ற ஒரே கான்ஃபரன்ஸ், அதாவது தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் குழு. வருடத்துக்கு இரண்டு முறையாவது மோதிக்கொள்வார்கள். ஆனால் தேசியப் போட்டித் தொடரில் அதுவரை ஒருமுறைகூட எதிரெதிரே வந்ததில்லை. முதல் தடவையே அரையிறுதி. அதோடு டியூக் பயிற்சியாளர் மைக் ஷஷெவ்ஸ்கி (கோச் கே என்றால்தான் தெரியும்) 42 வருடம் கழித்து ஓய்வு பெறுகிற சீசன். தோற்றால் அதுவே கடைசி ஆட்டம்.

கே: அந்த சீசனில் ஏற்கெனவே மோதினார்களா அண்ணா?

இரண்டு முறை. பிப்ரவரியில் டியூக் நார்த் கரோலினாவின் ஊரான சேப்பல் ஹில்லுக்கே போய் 87-67 என்று சாத்திவிட்டு வந்தது. மார்ச் 5இல் கோச் கேயின் கடைசி உள்ளூர் ஆட்டம். பழைய வீரர்களெல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். வழியனுப்பு விழாவுக்கு எல்லாம் தயார். நார்த் கரோலினா 94-81 என்று ஜெயித்து அதைக் கெடுத்துவிட்டது. ஆட்டம் முடிந்ததும் கோச் கேயே மைக்கைப் பிடித்து, இன்றைய ஆட்டம் ஏற்றுக்கொள்ள முடியாதது என்று ரசிகர்களிடம் சொன்னார். கல்யாண வீட்டில் பந்தி நடுவே குழம்பு தீர்ந்துபோன மாதிரி ஆகிவிட்டது.

கே: கேலப் லவ் அடித்த அந்த ஷாட்தானே ஜெயிக்க வைத்தது?

எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். நார்த் கரோலினாவின் லவ் 28 பாயிண்ட் எடுத்தார். ஏறக்குறைய 25 விநாடி மிச்சமிருக்கும்போது தன்னைவிட உயரமான டியூக்கின் மார்க் வில்லியம்ஸ் எதிரே நிற்க, தூரத்திலிருந்து மூன்று பாயிண்ட். 78-74. அபாரமான ஷாட், மறுக்கவில்லை.

ஆனால் அதற்கு 20 விநாடி முன்னால் என்ன நடந்தது? டியூக் ஒரே பாயிண்ட் பின்தங்கியிருந்தது. அதே வில்லியம்ஸுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ (கோட்டில் நின்று யாரும் தடுக்காமல் போடுகிற, ஆளுக்கு ஒரு பாயிண்ட் அல்ல, பந்துக்கு ஒரு பாயிண்ட் தருகிற ஷாட்). முதலாவது போகவில்லை. இரண்டாவதும் போகவில்லை. ஒன்று விழுந்திருந்தாலும் ஆட்டம் சமம். லவ் அப்படித் துணிந்து தூக்கிப் போட்டிருப்பாரா என்பதே சந்தேகம். என்னைக் கேட்டால் ஆட்டம் திரும்பியது அந்தக் கோட்டில்தான்.

கே: பேகாட்டைப் பற்றி யாருமே பேசவில்லையே?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நார்த் கரோலினாவின் ஆர்மாண்டோ பேகாட் எடுத்த ரீபவுண்ட் (கூடையில் விழாமல் தெறிக்கும் பந்தைப் பிடிப்பது) 21. எதிரே வில்லியம்ஸ் ஏழடி ஆள் என்பதை மறக்காதீர்கள். கடைசி ஐந்தாறு நிமிடத்தில் கணுக்கால் பிசகி, நொண்டிக்கொண்டே வெளியே போனார். சரி, முடிந்தது கதை என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து மறுபடி பந்துக்குக் குதிக்கிறார்! கடைசியில் ஐந்தாவது ஃபவுலில் வெளியேறினார். கல்லூரி ஆட்டத்தில் ஐந்துதான் கணக்கு, தொழில்முறை லீகான என்பிஏ மாதிரி ஆறு கிடையாது.

கே: நார்த் கரோலினா பயிற்சியாளர் புதியவராமே?

ஆமாம். ஹியூபர்ட் டேவிஸுக்குத் தலைமைப் பயிற்சியாளராக அது முதல் வருடம். அதே கல்லூரியில் ஆடியவர்தான். தொடருக்கு முன் தரும் தரவரிசையில் எட்டாம் சீடு அணி அது, டியூக் இரண்டாம் சீடு.

கே: அப்புறம் கோப்பை வாங்கினார்களா?

இல்லை. இறுதியில் கான்சஸுக்கு எதிராக இடைவேளையில் 15 பாயிண்ட் முன்னிலை. கடைசியில் 69-72 தோல்வி.

கே: முழு ஆட்டமும் பார்க்க நேரமில்லை அண்ணா. எந்தப் பகுதியைப் பார்க்கலாம்?

கடைசி ஆறு நிமிடம். பேகாட் கீழே விழுவதிலிருந்து ஆரம்பியுங்கள். பந்து யார் கையில் என்று பார்க்காமல், ஒவ்வொரு ஷாட்டும் கூடையில் பட்டுத் தெறிக்கும்போது அவர் எங்கே நிற்கிறார் என்று மட்டும் கவனியுங்கள்.