கிராம்பு, மஞ்சள், சாயா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மாறாமலையில் எங்களுக்குக் கிராம்புத் தோட்டம் உண்டு. நம் உடல் செல்களில் ஏற்படும் அழற்சியைக் கிராம்பு தணிக்கும் என்கிறார்களே, உண்மையா? (குலசேகரம் வாசகர்)

பதில்: ஆய்வகத்தில் உண்மை. நல்ல மொட்டை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசியும். அதில் பெரும்பங்கு யூஜினால் என்ற ஃபீனால் சேர்மம்தான். 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கன்னியாகுமரி மாவட்டக் கிராம்பின் பெருமையே அந்த எண்ணெய்தான். செல்லுக்குள் என்.எஃப். கப்பா பி என்றொரு புரதம் இருக்கிறது. அது உட்கருவுக்குள் நுழைந்தால் அழற்சியைக் கிளப்பும் மரபணுக்கள் வேலை செய்யத் தொடங்கும். யூஜினால் அதை மட்டுப்படுத்துகிறது.

ஆனால் ஆய்வகத்தில் செல்கள் அந்தச் சேர்மத்திலேயே ஊறிக் கிடக்கின்றன. நாம் விழுங்கும் யூஜினாலையோ குடலும் கல்லீரலும் சீக்கிரமே உருமாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். அளவு கூடினால் அதுவே செல்லைக் கொல்லவும் செய்யும். அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், கிராம்பு எண்ணெயைக் குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுக்காதீர்கள். 5, 10 மில்லி குடித்த குழந்தைகளுக்குக் கல்லீரல் செயலிழந்திருக்கிறது. சமையலில் போடும் நாலு கிராம்பால் ஒரு கெடுதலும் இல்லை.

கேள்வி: மீன் குழம்பில் மஞ்சளும் நல்லமிளகும் சேர்க்கிறோம். மஞ்சள் மாத்திரையும் வேண்டுமா? (குளச்சல் வாசகி)

பதில்: வேண்டாம். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்ற சேர்மம் அதில் சுமார் 3 சதவீதம்தான். குர்குமின் தண்ணீரிலும் கரையாது. தேங்காய் அரைத்த குழம்பின் கொழுப்பில் கரையும். நல்லமிளகுக்குக் காரம் தரும் பைப்பரின், கல்லீரல் குர்குமினை வெளியேற்றும் வேகத்தைத் தடுக்கும். அப்புறம், குர்குமின் தானே போய் செல்லைச் சேதப்படுத்தும் மூலக்கூறுகளை விழுங்குகிறது என்பதைவிட, என்.ஆர்.எஃப். 2 என்ற புரதத்தை எழுப்பி, செல்லையே தன் காப்பு நொதிகளைச் சுரக்க வைக்கிறது என்பதே சரி. இதெல்லாம் பெரும்பாலும் செல்களிலும் எலிகளிலும் கண்டது. குழம்பை மருந்தாக நினைக்காமல் ருசித்துச் சாப்பிடுங்கள். பைப்பரின் சேர்த்த மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு.

கேள்வி: ரத்தசோகை உள்ள என் மகள் சோறு தின்ற கையோடு சாயா குடிக்கிறாள். சரியா? (மார்த்தாண்டம் வாசகி)

பதில்: தேயிலையின் ஃபீனால்கள் கீரை, பயறுகளில் உள்ள இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். சோற்றோடு நெல்லிக்காய் சேர்த்தால் இரும்பு நன்றாக ஏறும்.

கேள்வி: ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறேன். கூடவே குர்குமின் மாத்திரை எடுக்கலாமா? (தக்கலை வாசகர்)

பதில்: கூடாது. ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் இன்றே மருத்துவரிடம் சொல்லி, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.