ஏசியில் கேஸ் 'தீர்ந்து' போவதில்லை

கேள்வி: எனக்கு வயது 61, பேத்திக்கு இரண்டு. அவள் காலத்தில் வெயில் எப்படி இருக்குமோ என்ற பயத்தில் ஆளில்லாத அறையில் விளக்கை அணைக்கிறேன், கடைக்குத் துணிப்பை கொண்டுபோகிறேன். "நீங்க ஒருத்தர் லைட்டை அணைச்சு உலகம் குளிரப் போகுதா அத்தை?" என்கிறார் மருமகன். வீட்டில் எட்டு வருஷமாக ஓடும் ஏசி வேறு மனசை உறுத்துகிறது. மூன்று கோடையாக அதற்குக் கேஸ் நிரப்பித்தான் ஓட்டுகிறோம். நான் செய்வதில் பயன் ஏதாவது உண்டா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: உண்டு, அம்மா. ஆனால் போகிறபோக்கில் நீங்கள் எழுதிய கேஸ் விஷயம்தான் விளக்கையும் பையையும் விடப் பெரியது.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. பழுதில்லாத ஏசியில் பத்து வருஷமானாலும் நிரப்ப வேண்டியதில்லை. ஒவ்வொரு கோடைக்கும் நிரப்புகிறீர்கள் என்றால் எங்கோ கசிகிறது, போன வருஷம் போட்டது காற்றில் கலந்துவிட்டது.

அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் பாருங்கள். என்ன கேஸ், எத்தனை கிலோ என்று இருக்கும். நூறாண்டுக் கணக்கில் 1 கிலோ ஆர்-410ஏ, 2,000 கிலோவுக்கு மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஆர்-22 என்றால் சுமார் 1,800, ஆர்-32 என்றால் 675. ஒரு 9 வாட் எல்இடி பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு 16 யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால் 11 கிலோ சொச்சம்தான் வருகிறது. அரைக் கிலோ ஆர்-410ஏ கசிந்தால், அந்த பல்பை 80 வருஷத்துக்கு மேல் அணைத்து வைத்துச் சேமித்ததெல்லாம் போய்விடும்.

கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுக் கணக்கில் வானில் தங்கும். இந்தக் கேஸ்கள் பெரும்பாலும் 5 முதல் 30 வருஷத்துக்குள் சிதைந்துவிடும், அதனால் சூட்டை முன்கூட்டியே கொட்டிவிடுகின்றன. முதல் 20 வருஷத்தை மட்டும் பார்த்தால் மேலே சொன்ன எண்கள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறும். அந்த 20 வருஷம்தான் உங்கள் பேத்தி வளரப்போகும் காலம்.

இனி மெக்கானிக் வந்தால் "கேஸ் போடுங்க" என்று சொல்லாதீர்கள். "கசிவு எங்கேன்னு பாருங்க" என்று சொல்லுங்கள். முதலில் ஃபில்டரையும், அவுட்டோர் யூனிட்டில் கேஸ் ஓடும் வளைகுழாய்த் தொகுதியான காயிலையும் (coil) கழுவச் சொல்லுங்கள். தூசி அடைத்தாலும் குளிர் குறையும், உள்ளே ஐஸ்கூடக் கட்டும், அதைக் கேஸ் குறைவு என்று நினைத்து நிரப்பிவிடுவது அடிக்கடி நடக்கிறது. கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் கசியும் என்பதால், பிசுக்கில் தூசி ஒட்டிய இடம்தான் முதல் சந்தேகம். பெரும்பாலும் அது காப்பர் பைப்பின் முனையைப் புனல்போல விரித்து நட்டால் இறுக்கிய மூட்டாக இருக்கும். குறைவாக இறுக்கினால் கசியும், அதிகம் இறுக்கினால் விரிசல் விடும். சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

சரிசெய்த பிறகு குழாய்க்குள் நைட்ரஜனை அழுத்தி ஏற்றி, ஒரு மணி நேரமாவது அழுத்த மீட்டரின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் ஏற்ற விடவே விடாதீர்கள், எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். அடுத்தது, குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வாக்குவம் பம்ப், அரைமணி நேரம். சிலர் பம்ப் கொண்டுவராமல், கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டே குழாயிலுள்ள காற்றைத் தள்ளுவார்கள். அந்தக் கேஸ் வானத்துக்குப் போகிறது, ஈரமோ குழாயிலேயே தங்கி எண்ணெயைக் கெடுத்து நாளடைவில் கம்ப்ரஸரைத் தின்கிறது. கடைசியாக, ஸ்டிக்கரில் உள்ள எடையைத் தராசில் வைத்து நிரப்ப வேண்டும். எந்தக் கேஸ் போட்டிருக்கிறதோ அதே கேஸ்தான். ஆர்-32, ஆர்-290 இரண்டும் தீப்பற்றக்கூடியவை, பழைய ஆர்-22 மெஷினில் போடக்கூடாது.

அந்தக் காயில் குழாயே அரித்துப் பொத்தல் விழுந்திருந்தால் ஒட்டுவேலை நிற்காது. காயிலை மாற்றுங்கள். செலவு கட்டுப்படியாகாவிட்டால், பூமியைக் குறைவாகச் சூடாக்கும் ஆர்-32 அல்லது ஆர்-290 கேஸுக்கென்றே செய்த புது மாடலுக்கு மாறுங்கள்.

ஏசியைக் கழற்றும்போதுதான் மொத்தக் கேஸும் ஒரே நிமிஷத்தில் போகிறது. குழாயை வெட்ட விடாதீர்கள். ஏசி ஓடும்போதே மெல்லிய குழாயின் வால்வை மூடி, மீட்டர் பூஜ்யத்தை நெருங்கியதும் தடித்த குழாயின் வால்வையும் மூடி, உடனே ஆஃப் செய்தால் கேஸ் முழுக்க அவுட்டோர் யூனிட்டுக்குள் அடங்கிவிடும். மெக்கானிக்குகள் இதைப் 'பம்ப் டவுன்' என்பார்கள். பழைய ஏசியையும் இப்படி அடக்கிய பிறகே, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள்.

மருமகன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆண்டுக்கு ஓர் அமெரிக்கர் சராசரியாக 14 டன் கார்பன் டை ஆக்சைடு வெளிவிட, இந்தியர் ஒருவர் 2 டன் வெளிவிடுகிறார். பெரிய பழி உங்கள் மீது இல்லை. ஆர்-410ஏ, ஆர்-32 போன்ற கேஸ்களைப் படிப்படியாகக் குறைக்க 2016-ல் ருவாண்டா தலைநகர் கிகாலியில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன, இந்தியா 2021-ல் ஏற்றது. ஆனால் எந்த ஒப்பந்தமும் உங்கள் மாடிக்கு வந்து வால்வை மூடாது. ஏற்கெனவே சுவரில் மாட்டியிருக்கும் கேஸ் வீட்டுக்காரர் கையிலும் மெக்கானிக் கையிலும்தான் இருக்கிறது.

ஏசி ஓடுவதற்காக உறுத்திக்கொள்ள வேண்டாம். சின்னக் குழந்தைக்குக் கோடைப் புழுக்கம் ஆபத்து. 26-ல் வைத்து ஃபேனையும் போடுங்கள், ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம். மெக்கானிக்கைப் பிப்ரவரியிலேயே கூப்பிட்டுவிடுங்கள். ஏப்ரலில் ஒரு மணி நேரம் மீட்டரைப் பார்த்து நிற்க அவருக்கு நேரம் இருக்காது.